கிளட்ச் நழுவுதா? பணம் கட்டும் முன்னாடி நாமே பார்க்கலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் குன்னம் தாலுகாவில் ஒரு சின்ன ஊர். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ரெண்டு பிள்ளைங்க. எங்க குழுவுக்கு ஒரு பழைய வேன் இருக்கு. சின்ன வெங்காயம், மசாலாப் பொடி, முந்திரிப் பருப்பு எல்லாம் ஏத்திக்கிட்டு நானும் இன்னொரு அக்காவும் மாத்தி மாத்தி ஓட்டுறோம். "வண்டி வாங்கினோம், ரிப்பேர்லயே லாபம் போயிடுது"ன்னு போன கூட்டத்தில் பல குழு சொன்னீங்க. அதனால கிளட்ச் விஷயத்தை மட்டும் எடுத்துச் சொல்லும்மான்னு தலைவி அக்கா கேட்டாங்க. அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

முதல்ல, நம்ம பக்கம் வண்டி ஏன் முக்கியம்னு உங்களுக்கே தெரியும். அரியலூருக்கு ரயில் வருது. பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. சரக்கு போகணும்னா ரோடு ஒண்ணுதான். அந்த ரோட்டிலயும் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திப் போற லாரிங்க வரிசையா நிக்கும். அது பின்னாடி நாம நகர்ந்து நகர்ந்து போகணும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் திறப்பாங்க. அந்த நாளில் அங்கே வண்டி நகர்றதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பத்தடி போவோம், நிப்போம், திரும்பப் பத்தடி. இப்படி நின்னு நின்னு போற ஓட்டத்தில் முதல்ல தேயறது கிளட்ச்தான்.

கிளட்ச்னா என்ன? நம்ம ஊர் மாவு மில்லை நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் மோட்டார், இன்னொரு பக்கம் கல். நடுவில் பெல்ட். பெல்ட் இறுக்கமா இருந்தா மோட்டார் சுத்தினால் கல்லும் சுத்தும். பெல்ட் தளர்ந்தா மோட்டார் 'வ்ர்ர்ர்'ன்னு சுத்தும், கல் மெதுவாத்தான் சுத்தும், மாவு அரைபடாது, ரப்பர் தீயற நாத்தம் வரும். மில்லில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பொம்பளையும் "அண்ணே, பெல்ட் நழுவுது பாருங்க"ன்னு சொல்லிடுவா. அதே வேலைதான் வண்டியில் கிளட்ச் செய்யுது. இன்ஜின் பக்கம் ஃபிளைவீல்னு ஒரு கனமான இரும்புச் சக்கரம் இருக்கு. கியர் பெட்டி பக்கம் கிளட்ச் பிளேட்னு ஒரு வட்டத் தட்டு இருக்கு. தட்டின் ரெண்டு பக்கமும் சொரசொரப்பா ஒரு ஒட்டு போட்டிருப்பாங்க. பிரஷர் பிளேட்னு ஒண்ணு ஸ்பிரிங் பலத்தில் இந்தத் தட்டை ஃபிளைவீலோட சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்கும். நாம பெடலை மிதிச்சா அந்தப் பிடி விடும். காலை எடுத்தா திரும்பப் பிடிக்கும். அவ்வளவுதான் கிளட்ச்.

மில் பெல்ட் எப்ப நழுவும்? மூணு காரணம். பெல்ட் தளர்ந்து போச்சு, இல்லேன்னா தேய்ஞ்சு வழவழன்னு ஆச்சு, இல்லேன்னா எண்ணெய் பட்டுப் போச்சு. கிளட்ச் நழுவுறதுக்கும் பெரும்பாலும் இந்த மூணுதான். பிடி சரியா இறுகலை, தட்டு தேய்ஞ்சது, தட்டில் ஆயில் பட்டது. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதிப் பணம் மிச்சம். ஏன்னா முதல் காரணத்துக்கு நூறு இருநூறில் வேலை முடியும். ரெண்டாவதுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். மூணாவதைக் கவனிக்காம விட்டா, ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி புதுத் தட்டு போட்டும் திரும்ப நழுவும்.

இப்ப எங்க வண்டிக்கு வந்ததைச் சொல்றேன். வெங்காய மூட்டை ஏத்திக்கிட்டு அரியலூர் பக்கம் பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி வேகம் ஏறலை. வெறும் வண்டியா வரும்போது ஒண்ணும் தெரியலை. ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கே ஓட்டிக்கூடப் பார்க்கலை. "இழுவை இல்லைன்னா இன்ஜின் போயிடுச்சும்மா, இன்ஜின் வேலை பண்ணணும், 28,000 ஆகும்"னு சொன்னாங்க. குழுக் கடன் தவணை இன்னும் 11 மாசம் பாக்கி. கூட்டத்தில் போய்ச் சொன்னா ஒருத்தர் வீட்டுக்காரர் வாசலில் நின்னுக்கிட்டே, "பொம்பளைங்க ஓட்டினா அப்படித்தான், காலைக் கிளட்ச் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டியிருப்பாங்க"ன்னார். என்கூட ஓட்டுற அக்கா அன்னைக்குச் சாவியைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டாங்க. இனிமே ஓட்ட மாட்டேன்னுட்டாங்க.

எனக்கு 28,000 ரூபாயை விட அந்தச் சாவிதான் உறுத்துச்சு. நான் சொன்னேன்: "நம்ம குழுவில் தீர்மானம் எழுதாம ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம். வண்டிக்கு மட்டும் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டணுமா? என்ன கோளாறுன்னு பார்த்துட்டு எழுதுவோம்." ஓட்டுநர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நோட்டில் எழுதி வச்சிருந்தேன். அதை வச்சு ஒவ்வொண்ணா பார்த்தோம். அந்த வரிசையையே உங்களுக்கும் சொல்றேன். எழுதிக்கிறவங்க எழுதிக்கலாம்.

முதலாவது, காதால பார்க்கிறது. பழைய வண்டியில் இன்ஜின் சுத்து காட்டுற மீட்டர் இருக்காது. காது போதும். கூட்டமில்லாத நேரா போற ரோட்டில், டாப் கியரில், 35, 40 வேகத்தில் ஓட்டிக்கிட்டே ஆக்சிலேட்டரை நல்லா மிதிக்கணும். லேசான ஏத்தமா இருந்தா இன்னும் நல்லது. கிளட்ச் சரியா இருந்தா சத்தமும் வேகமும் ஒண்ணா ஏறும். சத்தம் சட்டுன்னு மேலே போய், வேகம் அப்படியே நின்னா, கிளட்ச் நழுவுது. மிதிச்சும் சத்தமே ஏறாம வண்டி முக்கி முக்கிப் போனா அது கிளட்ச் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் வர்ற வழி, இப்படி இன்ஜின் பக்கம் பார்க்கணும். சுருக்கமா ஞாபகம் வச்சுக்கங்க: கத்திக்கிட்டு ஓடலைன்னா கிளட்ச். முக்கிக்கிட்டு ஓடலைன்னா இன்ஜின். எங்க வண்டி கத்துச்சு. அப்பவே 28,000 தேவையில்லைன்னு பாதி தெரிஞ்சு போச்சு.

ஏன் டாப் கியரில் பார்க்கணும்? முதல் கியரில் இன்ஜினுக்குப் பாரம் தெரியாது, லேசா தேய்ஞ்ச கிளட்ச் கூட இழுத்துடும். டாப் கியரில், பாரத்தோட, ஏத்தத்தில்தான் கிளட்சுக்குச் சோதனை. துறையூர் பக்கம் சோபனபுரம் வழியா பச்சைமலை ஏறினவங்களுக்குத் தெரியும். கீழே ஒண்ணும் தெரியாத வண்டி அங்கே காட்டிக் கொடுத்துடும். ஆனா சோதனை பண்றதுக்குன்னு மலை ஏறாதீங்க. நடுவழியில் நின்னா இறங்குறது கஷ்டம். ஒரு பாலம் போதும்.

ரெண்டாவது, நிறுத்தி வச்சுப் பார்க்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கல்லு வைக்கணும். ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுக்கணும். முன்னாடி ஒரு ஆள், ஒரு ஆடு, கோழி இருக்கக் கூடாது. இன்ஜினை ஓட விட்டு, கிளட்சை மிதிச்சு, டாப் கியர் போட்டு, லேசா ஆக்சிலேட்டர் கொடுத்துக்கிட்டே கிளட்சை மெதுவா விடணும். நல்ல கிளட்சா இருந்தா இன்ஜின் உடனே உதறி நின்னு போகும். நிக்காம பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் நல்லா நழுவுதுன்னு அர்த்தம். ஒரே ஒரு தடவைதான் பண்ணணும், உடனே கிளட்சை மிதிச்சிடணும். திரும்பத் திரும்பப் பண்ணினா தட்டு சூடாகிக் கருகிப் போகும். இன்னொண்ணு, இப்பத்தான் நழுவ ஆரம்பிச்ச கிளட்ச் இந்தச் சோதனையில் தப்பிச்சுக்கும். எங்க வண்டியும் இதில் நின்னு போச்சு, ஆனா ரோட்டில் நழுவுச்சு. அதனால ரெண்டையும் பார்க்கணும்.

மூணாவது, பெடல். இதுதான் காசில்லாத வைத்தியம். மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஒரு கேபிள்தான் இருக்கு. கையால பெடலை அமுக்கிப் பாருங்க. முதல்ல கொஞ்ச தூரம் லேசா, வெறுமனே போகணும். அப்புறம்தான் கனக்கணும். அந்த வெறும் தூரத்தைப் 'ப்ளே'ன்னு சொல்வாங்க. எவ்வளவு இருக்கணும்ங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோட வர்ற புத்தகத்தில் போட்டிருக்கும். ப்ளேயே இல்லைன்னா, நாம காலை வைக்காமலே கேபிள் பெடலை மிதிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி. நல்ல தட்டு கூட நழுவும். தட்டு தேயத் தேய இந்த ப்ளே குறைஞ்சுக்கிட்டே வரும், வண்டி பிடிக்கிற இடமும் மேலே மேலே வரும். அதனால மாசம் ஒரு தடவை பெடலை அமுக்கிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிஞ்சுடும். கேபிள் நட்டைத் திருகி ப்ளே வச்சுட்டு, திரும்ப அதே பாலத்தில் ஓட்டிப் பாருங்க. சரியாச்சுன்னா அதோட விட்டுடலாம். சில வண்டிகளில் கேபிளுக்குப் பதிலா எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச் வேலை செய்யும். அதை மெக்கானிக்தான் பார்க்கணும்.

எங்க வண்டியில் ப்ளே சரியாத்தான் இருந்துச்சு. அப்ப அடுத்தது.

நாலாவது, மூக்கும் கண்ணும். கிளட்ச் நழுவினா ஒரு தீஞ்ச நாத்தம் வரும். பழந்துணி, ரப்பர் கருகின மாதிரி இருக்கும். அது தட்டோட ஒட்டு தேய்ஞ்சு கருகுற நாத்தம். அடுத்து, ராத்திரி வண்டி நிக்கிற இடத்தில், இன்ஜினும் கியர் பெட்டியும் சேர்ற இடத்துக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலையில் பாருங்க. சொட்டு விழுந்திருந்தா, கருப்பா இருந்தா பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கெட்டியா, கந்தக நாத்தம் மாதிரி காரமா அடிச்சா கியர் ஆயில். ரெண்டில் எது இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆயில் சீல் விட்டுப் போச்சுன்னு சந்தேகப்படணும். அந்த ஆயில் தட்டில் பட்டுத்தான் நழுவும். எங்க அட்டையில் கருப்பா நாலு சொட்டு இருந்துச்சு. அட்டையை எடுத்து மடிச்சு வச்சுக்கிட்டேன்.

இதுக்கு எதிர்மாறா ஒரு கோளாறு இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. கியர் போட்டா 'கரக்'குன்னு சத்தம் வருது, கியர் விழ மாட்டேங்குது, கிளட்சை மிதிச்சும் வண்டி நகரப் பார்க்குதுன்னா, கிளட்ச் நழுவலை, கிளட்ச் விடலை. கேபிள் ரொம்பத் தளர்ந்திருக்கும், இல்லேன்னா அறுகிற நிலைமையில் இருக்கும். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சுன்னு சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. அதே மாதிரி பிரேக் பிடிச்சுக்கிட்டு விடாம இருந்தாலும் வண்டி இழுக்காது. நியூட்ரலில் தள்ளிப் பாருங்க. ரெண்டு பேர் தள்ளினா சுலபமா உருளணும்.

இதை எல்லாம் நோட்டில் தேதி, கிலோமீட்டரோட எழுதிக்கிட்டு வேற ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். "டாப் கியரில் ஏத்தத்தில் சத்தம் மட்டும் ஏறுது. பெடல் ப்ளே சரியா இருக்கு. கீழே கருப்பு ஆயில் சொட்டுது. கிளட்ச் தட்டும் பின்பக்க ஆயில் சீலும் பார்க்கணும் அண்ணே"ன்னு சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவரே கூட உட்கார்ந்து ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். கியர் பெட்டியை இறக்கினப்ப நாங்க நாலு பேர் அங்கேயே நின்னோம். தட்டு முழுக்க ஆயில் ஊறி மினுமினுன்னு இருந்துச்சு. அவர் தட்டைக் கையில் எடுத்துக் காட்டி, "ஒட்டு இன்னும் பாதி இருக்கும்மா. கால் வச்சு ஓட்டித் தேய்ஞ்சதுன்னா இது ஆணி தலை வரைக்கும் தேய்ஞ்சிருக்கும். இது சீல் விட்டதால வந்தது"ன்னார். சீல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். பில் வாங்கினோம். பழைய தட்டையும் கேட்டு வாங்கி வந்தோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பில்லையும் அட்டையையும் தட்டையும் நடுவில் வச்சேன். யாரையும் குறை சொல்லலை. தட்டைத் தொட்டுப் பாருங்கன்னு மட்டும் சொன்னேன். எல்லார் கையிலும் ஆயில் ஒட்டுச்சு. அந்த அக்கா சாவியை எடுத்துக்கிட்டாங்க. மறுநாள் பெரம்பலூர் சரக்கு அவங்கதான் கொண்டு போனாங்க.

பட்டறைக்குப் போறவங்க நாலு விஷயம் கேளுங்க. ஒண்ணு, ஓட்டிப் பார்க்காம விலை சொன்னா வண்டியை விடாதீங்க. ரெண்டு, கியர் பெட்டியை இறக்குற கூலிதான் பெரிசு. அதனால தட்டை மட்டும் மாத்தாம, பிரஷர் பிளேட், பேரிங்கையும் அப்பவே பாருங்க, தேவைன்னா செட்டா மாத்துங்க. ஆயில் கசிவு இருந்தா சீல் மாத்தாம மூட விடாதீங்க. மூணு, ஃபிளைவீல் முகத்தைக் காட்டச் சொல்லுங்க. நீலமா சூட்டுத் தழும்பு, கீறல், வெடிப்பு இருந்தா அதையும் சரி பண்ணணும். நாலு, பழைய சாமானைக் கையில் வாங்குங்க. பழைய தட்டுத் தூசியை வாயால ஊதாதீங்க, பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க. பழைய காலத்து கிளட்ச், பிரேக் ஒட்டுகளில் கல்நார் சேர்த்திருப்பாங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நழுவுறது தெரிஞ்ச பிறகு "இன்னும் ஒரு சந்தை போயிட்டு வந்து பார்க்கலாம்"னு பாரம் ஏத்தாதீங்க. நழுவ நழுவ சூடு, சூடு ஏற ஏற இன்னும் நழுவும். தட்டோட போகவேண்டிய செலவு ஃபிளைவீல் வரைக்கும் போகும்.

தேயாம ஓட்டுறதும் நம்ம கையில்தான். லாரி வரிசையில் நிக்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாதீங்க. நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்க. பாலத்து ஏத்தத்தில் நின்னாலும் ஹேண்ட் பிரேக்தான். கியர் மாத்தின உடனே இடது காலைக் கீழே வச்சிடுங்க. இது ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும்தான். கிளட்சுக்கு யார் கால்னு தெரியாது.

கடைசியா ஒண்ணு. பெண்களுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறவங்களுக்குப் பயிற்சியில் சொன்ன ஒரு சேதி. உலகத்திலேயே முதன்முதலா மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் போனது ஒரு பெண். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ்னு பேரு. 1888-ல் தன் ரெண்டு மகன்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனாங்க. வழியில் பெட்ரோல் குழாய் அடைச்சதைத் தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சதுக்கு ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் அடிச்சு வாங்கிக்கிட்டாங்க. ஏத்தத்தில் வண்டி ஏறாதப்ப பிள்ளைங்க இறங்கித் தள்ளினாங்க. நம்ம தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மா 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனாங்க. ஓட்டுறதும் நமக்குப் புதுசில்லை, கோளாறு பார்க்கிறதும் புதுசில்லை.

வண்டி வச்சிருக்கிற ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டு மாதிரி வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்க. தேதி, கிலோமீட்டர், பெடல் ப்ளே, ஆயில் சொட்டு, மாத்தின சாமான், கொடுத்த காசு எல்லாம் எழுதுங்க. ஓட்டுறவங்க பேரையும் எழுதுங்க. பழி சொல்றதுக்கு இல்லை, அடுத்தவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்கு. சந்தேகம் இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் வாங்க. எங்க வேன் வெளியில்தான் நிக்குது. பெடல் ப்ளேன்னா எப்படி இருக்கும்னு கையால அமுக்கிப் பார்த்துட்டுப் போகலாம்.